மயிலம்மாள் முடியும் பெரியண்ணன் மாத்திரையும்

திருச்சி பாலக்கரையில் எங்கள் சந்துக்குள் நுழைந்ததுமே எண்ணெய் வாசம் வரும். சமையல் எண்ணெய் இல்லை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். பெரியண்ணன் என்பவர் தன் வீட்டுப் பின்கட்டில் பெரிய இரும்புக் கொப்பரை வைத்து, தேங்காயெண்ணெயில் கரிசலாங்கண்ணியும் மருதாணியும் வெட்டிவேரும் போட்டுக் காய்ச்சி, 'அல்லி கூந்தல் தைலம்' என்ற பெயரில் பாட்டிலில் அடைத்து விற்றுவந்தார். பாட்டில் கழுவவும் லேபிள் ஒட்டவும் அவரிடம் வேலைக்கு இருந்தவள் மயிலம்மாள். அவள் ஒட்டிய லேபிளில் இருந்த படமும் அவளுடையதுதான். முகம் தெரியாது. முதுகும், அதை மூடிக்கொண்டு இடுப்புக்குக் கீழே இறங்குகிற முடியும் மட்டும் தெரியும்.

அந்தப் படம் எடுத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில். மயிலம்மாள் பச்சைமலை அடிவாரத்து ஊர் ஒன்றில் பிறந்தவள். கணவன் வீரமலைக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. கல்யாணமாகிப் பாலக்கரைக்கு வந்த சில வருஷங்களில் பெரியண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டு ஈர முடியை விரித்துப் போட்டபடி அவள் பாட்டில் கழுவிக்கொண்டிருந்ததைப் பெரியண்ணன் பார்த்தார். அதுவரை லேபிளில் வெறும் அல்லிப்பூதான் இருந்தது.

"காளி, இங்க வந்து பாரு," என்று மனைவியைக் கூப்பிட்டார். "படத்துக்கு ஆளைத் தேடி நான் மெட்ராஸ் போகணும்னு இருந்தேன். நம்ம வீட்டுக் கொல்லையிலயே இருக்கே!"

காளியாயிதான் மயிலம்மாளை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனாள். காளியாயிக்குப் பிள்ளைகள் இல்லை. மயிலம்மாளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவள். முதலாளி வீட்டம்மாள் என்ற மிடுக்கு அவளிடம் ஒருநாளும் இருந்ததில்லை. ஸ்டூடியோக்காரர் மயிலம்மாளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். நின்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடியே, முதுகைத்தான எடுக்கிறாரு. முதுகு சிரிச்சா படத்துல தெரியவா போகுது?" என்றாள் காளியாயி.

"தெரியுதும்மா," என்று காமிராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "தோள் குலுங்குது."

சிரித்துச் சிரித்து மயிலம்மாள் இரண்டு போட்டோ பிளேட்டைக் கெடுத்தாள். கடைசியில் எப்படியோ ஒரு படம் தேறியது. அல்லிக்குளத்துக்கு முன்னால் அவள் நிற்பதுபோல அச்சாபீசில் வரைந்து சேர்த்தார்கள். தைலத்துக்கு நல்ல பெயர் வந்தது. ஸ்ரீரங்கம், மணப்பாறை, முசிறி என்று கடைகளுக்குப் போயிற்று. பஸ்ஸில் யாராவது அந்தப் பாட்டிலை மடியில் வைத்திருப்பதைப் பார்த்தால் மயிலம்மாள் சும்மா இருக்க மாட்டாள். வேண்டுமென்றே திரும்பி உட்கார்ந்து தன் முதுகைக் காட்டுவாள்.

ஆனால் பொய் சொல்ல அவளுக்கு வராது. தைலம் வாங்க வருகிற பெண்கள், "இதைத் தேச்சுத்தான் இப்படி வளந்துச்சா?" என்று கேட்டால், "நான் ஊர்லேருந்து வர்றப்பவே இப்படித்தாங்க இருந்துச்சு. அப்ப வெளக்கெண்ணெய்தான் தேச்சுக்கிட்டிருந்தேன்," என்று சொல்லிவிடுவாள். பக்கத்தில் இருக்கிற காளியாயி அவள் தொடையைக் கிள்ளுவாள். அப்படியும் தைலம் விற்றது. முடியைப் பார்த்தவர்களுக்கு அவள் பேச்சு காதில் ஏறவில்லை.

அறுபத்தொன்றில், வெயில் காலத்தில், மயிலம்மாளுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அதே காய்ச்சலோடு லூர்துராணி என்று ஒரு பெண். காந்தி மார்க்கெட்டில் கீரை விற்பவள். இரண்டு பேரும் கஞ்சி குடித்துக்கொண்டு, கஞ்சியைத் திட்டிக்கொண்டு, ஒருத்திக்குக் காய்ச்சல் ஏறும்போது மற்றவள் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு சிநேகமானார்கள். பிழைத்து எழுந்ததும் லூர்துராணியை அவள் அண்ணன் வந்து புள்ளம்பாடிக்கு அழைத்துப் போய்விட்டார். மயிலம்மாள் பாலக்கரைக்குத் திரும்பினாள்.

உடம்பு தேறி, வேலைக்கும் வரத் தொடங்கியபிறகுதான் முடி கொட்டியது. காய்ச்சலில் கிடந்தபோது ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த ஆடி மாதத்தில், சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. தலையணையில், சோற்றில், ஒட்டுகிற லேபிளின் பசையில் எங்கும் முடி. மயிலம்மாள் அதைச் சுருட்டிச் சுருட்டிக் கூரை இடுக்கில் செருகிவைத்தாள். ஒருநாள் கூரை ஓட்டைச் சரிசெய்ய ஏறிய வீரமலை, அந்தச் சுருள்களை எல்லாம் பார்த்துவிட்டு இறங்கினான்.

"மயிலு, சமயபுரத்துல போய் எடுத்துருவோம்," என்றான்.

"எனக்கு மனசு வரலீங்க."

"உசுரு திரும்பி வந்துச்சே, அதுக்கு நான் வேண்டிக்கிட்டிருக்கேன். நீ மட்டும் போட வேணாம். நானும் போடுறேன்."

ஆவணியில் இரண்டு பேரும் சமயபுரத்தில் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலைகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் சந்துக்குள் வந்ததை என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சந்து முழுக்க வாசலுக்கு வந்து பார்த்ததாம். மயிலம்மாள் தலைகுனிந்து நடந்தாளாம். வீரமலை மட்டும் எல்லாரையும் பார்த்து, "சாமி தரிசனம் நல்லபடியா ஆச்சுங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தானாம்.

மறுநாள் வேலைக்குப் போனவள், கொல்லை மூலையில், கடைக்காரர்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். கையில் லேபிள் கட்டு. ஒவ்வொன்றிலும் அவளுடைய பழைய முடி.

காளியாயி வந்து அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். "எதுக்குடி ஒளியற? யாரு வீட்டுலயாவது திருடிட்டியா?" என்று சொல்லித் தன்னுடைய பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்து அவள் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டாள். அன்றைக்குச் சரக்கெடுக்க வந்த ஒரு கடைக்காரர் சும்மா போகவில்லை. "என்ன, தைலத்தைக் கொஞ்சம் ஜாஸ்தியாத் தேச்சுட்டாங்களா?" என்று சிரித்தார். பெரியண்ணன் சாதுவான மனுஷர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். "சரக்கு இல்ல. போயிட்டு வாங்க!" என்றார்.

தர்மராஜ் வந்தது அந்தச் சமயத்தில்தான். மெட்ராஸ் மருந்துக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்ட். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, தோல் பை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துப் பெரியண்ணன் முன் வைத்தார்.

"விட்டமின் மாத்திரைங்க. எண்ணெய் வெளியேருந்து வேலை செய்யுது. இது உள்ளேருந்து செய்யும். சத்து நேரா முடி வேருக்கே போகுது. மத்தவங்களுக்கு ஒரு வருஷத்துல வளர்றது, இதைச் சாப்பிட்டா நாலு மாசத்துல வளரும். உங்க தைலத்தோட ஜோடியாப் போட்டா எங்கயோ போயிடுவீங்க."

பெரியண்ணன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ். அதுவே அவருக்குப் பாதி நம்பிக்கை தந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. "நம்ம வீட்டு ஆளுங்களுக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தான் ஊருக்குக் குடுப்பேன்," என்றார்.

வீட்டு ஆள் என்றால் இரண்டு பேர். ஒருத்தி மயிலம்மாள். இன்னொருத்தி காளியாயி. அவளுக்கும் கொஞ்ச நாளாக வகிடு அகலமாகிக்கொண்டே போய், கொண்டை எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. வெளியே போகும்போது முந்தானையால் தலையை மூடிக்கொள்ளப் பழகியிருந்தாள்.

மாத்திரை தொடங்குமுன் பெரியண்ணன் தயங்கித் தயங்கி மயிலம்மாளிடம் ஒன்று கேட்டார். "தப்பா நெனச்சுக்காத தாயி. இப்ப இருக்கிற மாதிரியே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா, பின்னாடி வளந்ததும் இன்னொண்ணு எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடலாம்."

மயிலம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மொதல்ல முதுகு எடுத்தீங்க. இப்ப மொட்டை. மூஞ்சியை எப்பங்க எடுப்பீங்க?"

காளியாயி வாய்விட்டுச் சிரித்தாள். மொட்டைப் படமும் எடுத்தாயிற்று.

அதன்பிறகு தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெரியண்ணன் டப்பாவோடு வருவார். இரண்டு பேர் உள்ளங்கையிலும் ஒவ்வொரு மாத்திரை வைத்து, ஒவ்வொரு பூவன் பழமும் கொடுப்பார். மாத்திரை புளித்த மாவு வாசம் அடிக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழுங்கிவிட்டு, பழத்தை அவசரமாகக் கடிப்பார்கள்.

மயிலம்மாள் தலையில் முதலில் முள் முள்ளாக வந்தது. பொங்கலுக்குள் தலை கறுத்தது. சித்திரையில் காதை மூடியது. அடுத்த ஆவணிக்கெல்லாம் பிடரியைத் தாண்டி, கட்டினால் ஒரு சின்னக் குஞ்சம் நிற்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதுவும் பழையபடியே அடர்த்தியாக. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "மாத்திரைதாங்க! மொதலாளி குடுத்த மாத்திரைதான்!" என்று சந்து முழுக்கச் சொன்னாள். விளக்கெண்ணெய் விஷயத்தையே மறைக்கத் தெரியாதவள் சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்? என் அம்மா உட்பட ஐந்தாறு பெண்கள் பெரியண்ணன் வீட்டு வாசலில் போய் மாத்திரை கேட்டு நின்றார்கள். பொங்கலுக்குத் தைலமும் மாத்திரையும் ஜோடியாக வரும் என்று அவர் எல்லாரிடமும் சொல்லி அனுப்பினார். தீபாவளி முடிந்ததும் இரண்டாவது போட்டோ எடுப்பதாக ஏற்பாடு.

காளியாயிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இருந்ததும் குறைந்துகொண்டுதான் வந்தது. பெரியண்ணன் தினமும் மாத்திரை கொடுக்கும்போது ஆசையோடு அவள் உச்சந்தலையை எட்டிப் பார்ப்பார். "கொஞ்சம் வந்த மாதிரி இருக்கே காளி," என்பார். அவள் அவருக்குத் தெரியாமல் ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை எடுத்துப் பார்த்தாள். அதற்கும் பலன் இல்லை.

"ஒரே டப்பா, ஒரே மாத்திரை," என்று ஒருநாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே மயிலம்மாளிடம் சொன்னாள். "உனக்குக் கேக்குது, எனக்குக் கேக்கல. என் உடம்புக்கே என்னைப் பிடிக்கல போலிருக்குடி." சொல்லிவிட்டு ஒரு பிடி பச்சை அரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றாள். அந்தப் பழக்கம் அவளுக்குச் சமீபத்தில் வந்திருந்தது. எந்நேரமும் வாயில் அரிசி. தன் முடியை நினைத்து அன்றைக்கு மயிலம்மாளுக்கு வெட்கமாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் மயிலம்மாள் காந்தி மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போயிருந்தாள். கூட்டத்துக்குள்ளிருந்து, "ஏ பாலக்கரைக்காரி!" என்று ஒரு குரல். திரும்பினால் கீரைக்கட்டுகளுக்கு நடுவே லூர்துராணி. ஒரு வருஷத்துக்குமேல் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு, அந்த மாதம்தான் மறுபடி கடை போட்டிருந்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம்தான் மயிலம்மாள் கவனித்தாள். லூர்துராணியின் பிடரியிலும் ஒரு குஞ்சம் நின்றது.

"உனக்கும் கொட்டிச்சா?"

"கொட்டாம? துடைப்பத்தால கூட்டித் தள்ளுனேன். வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்தேன், போன வருஷம் திருவிழாவுக்கு."

போன வருஷம் திருவிழா என்றால் தான் சமயபுரம் போன அதே சமயம். மயிலம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "எங்க, திரும்பு," என்றாள். இரண்டு பேரும் குஞ்சத்தை அவிழ்த்து, முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். பக்கத்தில் கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எழுந்துவந்து இருவர் முடியையும் இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே நீளந்தான். ஒரு நூல் அங்க இங்க இருக்கும்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தன் தராசுக்குப் போனாள்.

"நீ என்ன மாத்திரை சாப்பிட்ட?" என்றாள் மயிலம்மாள்.

"காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில குடுத்தாங்களே, அதோட சரி."

"முடிக்கு?"

"முடிக்கு யாராச்சும் மாத்திரை சாப்பிடுவாங்களா? அண்ணி சோறு போட்டுச்சு, தின்னேன். அது பாட்டுக்கு வந்துச்சு."

மயிலம்மாள் கத்தரிக்காய் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அந்த மாத்திரையின்மேல் ஒரு பிரியமே உண்டாகியிருந்தது. தினமும் ஒருவர் நம் உள்ளங்கையில் வைத்து, நல்லா இருக்கணும் என்று கொடுக்கிற பொருள். அது ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்கவே மனசு ஒப்பவில்லை. பட்டறையிலிருந்து வந்த வீரமலையிடம் நடந்ததைச் சொன்னாள்.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தன் தலையைத் தடவிக்கொண்டான். "நானும் உன்கூடத்தான மொட்டை போட்டேன்?"

"ஆமா."

"எனக்கும் வளந்துச்சுல்ல? மாசாமாசம் வெட்டிக்கிட்டிருக்கேன். எனக்கு யாரு மாத்திரை குடுத்தா?"

மயிலம்மாள் அவனையே பார்த்தாள். ஒரு வருஷமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த தலை. அது கண்ணில் படவே இல்லை.

மறுநாள் அவள் நேரே பெரியண்ணனிடம் போகவில்லை. காளியாயியிடம் போனாள். துணி துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். காளியாயி ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி கேட்டாள்.

"அப்ப அது மாத்திரையால வரல."

"இல்லக்கா."

"அப்ப எனக்கு ஏன்டி கொட்டுது? எனக்குத்தான் காய்ச்சலே வரலியே?"

"அதைத்தான்க்கா யாரையாவது கேக்கணும்."

காளியாயி துணியை அலசக் குனிந்தாள். நிமிர்ந்தபோது மூச்சு வாங்கியது. அலசிய துணியை மறைத்து வைக்க அவள் பட்ட அவசரத்தில், வாளித் தண்ணீர் சிவந்திருந்ததை மயிலம்மாள் பார்த்துவிட்டாள். மாசம் முழுக்கவே இப்படித்தானா என்று மெல்லக் கேட்டாள். முதலில் இல்லை என்றாள் காளியாயி. பிறகு, ஒரு வருஷத்துக்கு மேலாகவே அப்படித்தான் என்றாள். மாதவிலக்கு முற்றாக நிற்கப் போகிற வயது, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தாள். கணவனிடம் சொல்லக் கூச்சம்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் கோமளவல்லி என்று ஒரு லேடி டாக்டர் இருந்தார். அவரிடம் போவதென்று முடிவாயிற்று. பெரியண்ணனிடம், பெருமாளைச் சேவிக்கப் போகிறோம் என்று காளியாயி சொன்னாள். அது பொய்யாகிவிடக் கூடாதே என்று, மயிலம்மாள் அவளை முதலில் கோயிலுக்குத்தான் இழுத்துப் போனாள். பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வருவதற்குள் காளியாயி இரண்டு இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மாள் நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புமாக உட்கார்ந்திருந்தார். காளியாயி முந்தானையை விலக்கித் தலையைக் காட்டினாள். "முடி கொட்டுதுங்க. வளர்றதுக்கு நல்ல மாத்திரையா வேணும்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டாக்டரம்மாள் தலையைப் பார்க்கவில்லை. காளியாயியின் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகங்களைத் திருப்பிப் பார்த்தார்.

"பச்சரிசி, சாம்பல், இந்த மாதிரி ஏதாவது திங்கணும்போலத் தோணறதா?"

காளியாயி திடுக்கிட்டு மயிலம்மாளைப் பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லலக்கா," என்றாள் மயிலம்மாள்.

"மூச்சு வாங்கறதோ?"

காளியாயி முந்தானையை இழுத்துத் தலையை மறுபடி மூடிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க சொல்லிருங்க. இல்லேன்னா நான் சொல்லிருவேன். எனக்கு வயித்துல நிக்காது."

காளியாயி சொன்னாள். டாக்டரம்மாள் அவளைத் திரைக்குள் அழைத்துப் போய்ப் பரிசோதித்தார். ரத்தம் எடுத்தார். வெளியே வந்து கை கழுவிக்கொண்டே பேசினார்.

"உடம்புல ரத்தமே இல்லை. கர்ப்பப்பையில கட்டி இருக்கு. அதான் இப்படிப் பெரும்பாடா ரத்தம் போறது. பயப்பட வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். ஆனா நாளைக் கடத்தப்படாது."

மயிலம்மாள் தான் கேட்க வந்ததைக் கேட்டாள். "எனக்கு டைபாய்டுக்கு அப்புறம் கொட்டிட்டு வளந்துச்சுங்க. அக்காவும் நானும் ஒரே விட்டமின் மாத்திரைதான் சாப்பிட்டோம். எனக்கு மட்டும் ஏன் வளந்துச்சு?"

டாக்டரம்மாள் அவள் குஞ்சத்தைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கு மாத்திரை இல்லேன்னாலும் வளர்ந்திருக்கும். பெரிய காய்ச்சல் வந்தா உடம்பு பிழைக்கற வழியைத்தான் பார்க்கும். முடி அதுக்கு இரண்டாம்பட்சம். விட்டுடும். உடம்பு தேறினா தானா முளைக்கும். மாசத்துக்கு அரை அங்குலம், கொஞ்சம் முன்னே பின்னே. அதை விரட்டி வளர்க்க மாத்திரை கிடையாது."

"அப்ப விட்டமினே வீணுங்களா?"

"யார் சொன்னா? உடம்புல ஒரு சத்து குறைஞ்சிருந்தா, அந்தச் சத்தைக் குடுத்தா கேக்கும். குறையாதவாளுக்கு மேல மேல குடுத்து என்ன ஆகப்போறது? இவாளுக்குக் குறையறது இரும்புச் சத்து. நீங்க சாப்பிட்ட டப்பாவுல அது இருந்திருக்காது. இருந்திருந்தாலும் இந்தப் பக்கம் ரத்தம் போயிண்டே இருந்தா எப்படி ஏறும்? முதல்ல ரத்தம் போறதை நிறுத்தணும். அப்புறம் இரும்பு மாத்திரை. முடியை அப்புறம் பார்த்துக்கலாம்."

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. காளியாயி ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "வீட்டுல அவர்கிட்ட நீயே சொல்லுடி," என்றாள்.

பெரியண்ணன் கொப்பரை முன்னால் நீளக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். மயிலம்மாள் முடியிலிருந்துதான் தொடங்கினாள். லூர்துராணி, வீரமலை, டாக்டரம்மாள் சொன்னது எல்லாம். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது.

"உன் வாயாலதான தாயி மாத்திரை மாத்திரைன்னு ஊரெல்லாம் சொன்ன? பொங்கலுக்கு வரும்னு நான் எல்லார்கிட்டயும் வாக்குக் குடுத்துட்டேன். இப்ப வந்து இல்லேங்கிற."

"சொன்னேன். தெரியாம சொன்னேன். அது ஒரு பக்கம் இருக்கட்டுங்க. அக்கா உடம்புல ரத்தம் இல்லையாம். ஆபரேஷன் செய்யணுமாம்."

கரண்டி அவர் கையிலேயே நின்றது. விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். காளியாயி கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வருஷமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே காளி?"

"நீங்க தெனம் தலையைத்தான பாத்தீங்க?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அழுதாள். பெரியண்ணன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு அடுப்பை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. கொப்பரை எண்ணெய் முழுவதும் கருகி, அந்தத் தீய்ந்த வாசம் சந்தை விட்டுப் போக நாளாயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. வீரமலை பட்டறையிலிருந்து சிநேகிதர்களைத் திரட்டிக்கொண்டு வந்தான். எண்ணெய்க்கறை படிந்த நீலச் சட்டைகளோடு அவர்கள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பெரியண்ணன் ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார். மயிலம்மாள் காளியாயியின் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் இரும்புச் சத்து மாத்திரை. பெரியண்ணன் பழையபடி பூவன் பழத்தோடு மத்தியானம் தவறாமல் வந்து கொடுத்தார். தலையை எட்டிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார். "இன்னைக்கு எப்படி இருக்கு? மூச்சு வாங்குதா?" என்று கேட்பார்.

பொங்கலுக்கு முன் தர்மராஜ் சரக்கோடு வந்தபோது பெரியண்ணன் அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். "உங்க மாத்திரை மேல குத்தம் சொல்லலீங்க. சத்துக் குறைஞ்சவங்களுக்கு நல்லதாத்தான் இருக்கும். முடி சீக்கிரம் வளரும்னு சொல்லி என்னால விக்க முடியாது."

"எல்லாரும் அப்படிச் சொல்லித்தாங்க விக்கிறாங்க."

"விக்கட்டும். என் பொண்டாட்டி அதை நம்பித்தான் ஒரு வருஷத்தைப் போக்கடிச்சா."

தர்மராஜ் பையை மூடிக்கொண்டு போனார். பெரியண்ணன் அதோடு நிற்கவில்லை. லேபிளில் 'கூந்தல் செழித்து வளரும்' என்று இருந்த வரியை எடுத்துவிட்டு, 'தலைக்குக் குளிர்ச்சி, கூந்தலுக்கு மணம்' என்று மாற்றி அச்சடித்தார். மாத்திரைக்குச் சொல்லிவைத்த பெண்கள் வீட்டுக்கெல்லாம் மயிலம்மாளே போய், தான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு வந்தாள். என் அம்மா அவளைத் திட்டினார். பிறகு காப்பி போட்டுக் கொடுத்தார்.

காளியாயிக்கு அரிசி தின்னும் ஆசை தன்னால் நின்றது. முகத்தில் நிறம் வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு வகிட்டோரம் பூனைமுடிபோலப் புதிதாக முளைத்தது. முழுசாகப் பழையபடி ஆகவில்லை. வயதும் இருக்கிறதல்லவா? "இருக்கிறது போதும்டி. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கல. அதுக்கு நான் எதைக் குடுத்தாலும் தகும்," என்பாள். முந்தானையால் தலையை மூடுவதையும் விட்டுவிட்டாள்.

மயிலம்மாளுக்கு முடி அது பாட்டுக்கு வளர்ந்து அறுபத்தாறு அறுபத்தேழில் இடுப்பைத் தொட்டது. அவளிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. முடி கொட்டுகிறது என்று எந்தப் பெண் வந்து நின்றாலும், "காய்ச்சல் வந்துச்சா? பிள்ளை பெத்தியா? சாப்பிடுறியா?" என்று கேட்டுவிட்டு, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள். வெளுப்பாகத் தெரிந்தால் அவளே பஸ் ஏற்றி ஸ்ரீரங்கத்துக்கு அனுப்புவாள். கூடப் போக ஆள் இல்லையென்றால் காளியாயி போவாள். "பாலக்கரையிலேர்ந்து ஒருத்தி எனக்கு ஆள் பிடிச்சு அனுப்பிண்டே இருக்கா," என்று டாக்டரம்மாள் சொன்னதாகக் கேள்வி.

அமிர்தம் என்று எதிர்வீட்டில் ஒரு பெண். தை மாதம் கல்யாணம். பின்னல் இடுப்புவரை கனமாகத் தொங்கும். முழங்கால்வரை வேண்டும், கல்யாணத்துக்குள் வளர ஒரு மாத்திரை சொல்லுங்கள் என்று மயிலம்மாளிடம் வந்து கண்ணைக் கசக்கினாள். மயிலம்மாள் பசைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி இமையை இழுத்துப் பார்த்தாள்.

"செக்கச்செவேல்னு இருக்கு. உனக்கு ஒரு குறையும் இல்ல," என்றாள். "போய் நல்லாத் தூங்கு. அழுது அழுது கண்ணு வீங்கிக் கெடக்கு பாரு. மாப்பிள்ளை உன் முழங்காலைப் பாத்துக்கிட்டா தாலி கட்டப் போறாரு?"

அமிர்தத்துக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. உள்ளேயிருந்து காளியாயி சிரிக்கிற சத்தமும் கேட்டது.